அறுபத்து நாலாயிரம் சிப்பும் ஏழாம் இடமும்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். வாரத்தில் ஆறு நாள் பிறர் பணத்தை எண்ணுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை திருநகரில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே, போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும், யாருக்கும் சொந்தமில்லாத பிளாஸ்டிக் சிப்களை எண்ணுகிறேன். பதினெட்டுப் பேர், இரண்டு மேசை, ஆளுக்குப் பத்தாயிரம் மதிப்புக்குச் சிப், அது தீர்ந்தவர் வெளியே. காசு வைப்பதில்லை. முதல் ஐந்து இடங்களுக்குப் புள்ளிகள் உண்டு. அவற்றை ஒரு நீள நோட்டில் வங்கி அண்ணன் எழுதி வைப்பார். ஆண்டு முடிவில் அதிகப் புள்ளி பெற்றவருடைய பெயர், வெண்கலக் கடைத் தெருவில் வாங்கிய ஒரு பித்தளைச் சொம்பில் வெட்டப்படும். அந்தச் சொம்புக்காக நாங்கள் போட்டுக்கொள்ளும் சண்டையைப் பார்த்தால் சொத்துத் தகராறு என்று நினைப்பீர்கள்.

காசு வைக்காததற்குக் காரணம் ஒழுக்கம் மட்டுமல்ல. எங்களில் இரண்டு பேர் முன்பு கைப்பேசியில் பணம் கட்டி ஆடி நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை விதித்தபோது, எங்கள் மாடியில் யாரும் வருத்தப்படவில்லை. சொம்பு போதும்.

இங்கே சொல்ல வந்தது தோற்ற கதை. குறைந்த சிப்போடு தோற்றால் சீட்டைக் குறை சொல்லலாம். நான் மாடியிலேயே பெரிய சிப் அடுக்கை வைத்துக்கொண்டு தோற்றேன்.

அன்று ஒன்பது பேர் மிஞ்சி ஒரே மேசையாகச் சேர்ந்தோம். என்னிடம் 64,000. மொத்தமே 1,80,000 என்பதால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என் முன்னால் இருந்தது. இருபது இருபதாக அடுக்கினால் ஆறரைக் கோபுரம். அதில் நாற்பது சிப் வெறும் நூறுகள், உயரத்துக்குத்தான் உதவின. இடைவேளையில் நூறுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு ஆயிரங்களாக மாற்றிக் கொடுத்தார்கள், இனி அவை தேவையில்லை என்று. என் 130 சிப் 94 ஆனது. மதிப்பில் ஒரு பைசா குறையவில்லை. ஆனாலும் ஏதோ கொள்ளை போனது போல் இருந்தது. அதைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்ற அரிப்பு உள்ளே வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், அன்றைய சரிவு அங்கேதான் தொடங்கியது.

பிளைண்ட் 500–1,000, அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்க வேண்டியது: ஸ்மால் பிளைண்ட் 500, பிக் பிளைண்ட் 1,000. பிக் பிளைண்ட் போடுகிறவரே மேசைக்கெல்லாம் சேர்த்து ஆன்டியாக, அதாவது எல்லோருக்குமான நுழைவுப் பங்காக, இன்னொரு 1,000 போட வேண்டும். அதாவது சீட்டுப் போடுவதற்கு முன்பே நடுவில் 2,500 கிடக்கும்.

முதல் சறுக்கல் கல்லூரி மாணவனிடம். அவனிடம் 9,000தான். முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்திலிருந்து எல்லாச் சிப்பையும் நடுவில் தள்ளினான். மற்றவர்கள் சீட்டை மடக்கிப் போட்டு ஒதுங்கினார்கள். நான் பிக் பிளைண்டில், கையில் ஜாக்கியும் ஒன்பதும், வேறு வேறு சாதி. ‘இன்னும் எட்டாயிரம்தானே, எனக்கு அது ஒரு கணக்கா’ என்று கேட்டுக்கொண்டேன். கடையில் ஒருவர் இப்படிச் சொல்லிக் கடன் கொடுத்தால் நானே திட்டியிருப்பேன். நடுவில் 11,500 கிடந்தது. நான் 8,000 சேர்த்தால் 19,500. எட்டைப் பத்தொன்பதரையால் வகுத்தால் 41 விழுக்காடு. நூற்றுக்கு 41 தடவை நான் ஜெயித்தால்தான் அந்தக் கால், அதாவது அவன் வைத்ததற்குச் சமமாக வைத்து மோதுவது, நஷ்டமில்லாமல் தப்பும். எட்டுப் பேர் பின்னால் காத்திருக்க, முதல் ஆளாக உயிரைப் பணயம் வைக்கிறவன் கையில் வைத்திருக்கும் சீட்டுகளுக்கு எதிராக ஜாக்கி-ஒன்பதுக்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால் அதிகம். அவன் காட்டியது இரண்டு ராணி. ஆன்டியோடு சேர்த்து 10,000 போனது.

நான் கணக்கை மறந்ததற்குக் காரணம் ஒன்றுதான். என் 64,000த்தைப் பார்த்து முடிவெடுத்தேன். அந்த ஆட்டத்தில் 64,000 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. எதிரே இருப்பவனிடம் 9,000 என்றால், அந்த ஆட்டத்தில் என்னிடமும் இருப்பது 9,000தான். மீதி 55,000 அலமாரியில் தூங்குகிறது. பெரிய அடுக்கு வைத்திருப்பவன் ஒவ்வொரு முறையும் முதலில் பார்க்க வேண்டியது எதிராளியின் அடுக்கை. நான் ஒரு மாலை முழுக்க என்னுடையதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து மருந்துக்கடைக்காரர். அவர் 11,000 தள்ளினார், நான் ஏஸும் நாலும் வைத்துக்கொண்டு மறுபடி அதே எட்டாயிர மனநிலையில் கால் சொன்னேன். அவரிடம் ஏஸும் ராணியும். நான்கு முறை ஆடினால் மூன்று முறை நான் தோற்கிற கை அது. முதல் முறையே தோற்றேன். சில்லறையாக இன்னும் கொஞ்சம் கரைந்து 41,000க்கு வந்தேன்.

மூன்றாவது சறுக்கலுக்கு முட்டாள்தனத்தோடு ரோஷமும் சேர்ந்துகொண்டது. தமிழாசிரியரிடம் 38,000 இருந்தது. மேசையில் என்னைக் கிட்டத்தட்டக் காலி செய்யக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். நானும் அவரைக் காலி செய்யலாம். நான் பட்டனிலிருந்து, அதாவது சீட்டுப் போடுகிறவருக்கான இடத்திலிருந்து, ஏஸ்-ஜாக்கியோடு ரெய்ஸ் செய்தேன், பந்தயத்தை உயர்த்தினேன். ஸ்மால் பிளைண்டிலிருந்து அவர் 8,000 ஆக உயர்த்தினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “ஐயா, இன்றைக்கு என்ன, நிறையப் பேசுகிறீர்கள்” என்றேன். “நான் ஒன்றும் பேசவில்லையே தம்பி, சிப்தான் பேசுகிறது” என்றார். எல்லாவற்றையும் தள்ளினேன். அவர் யோசிக்கவே இல்லை. இரண்டு ராஜா.

மிஞ்சியது 3,000. அடுத்த சீட்டைப் பார்க்காமலே அதையும் எறிந்துவிட்டு எழுந்தேன். ஏழாவது இடம், புள்ளி பூஜ்யம். 1982இல் லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் தொடரில் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாம் போய்விட்டது என்று எழுந்தபோது ஒரே ஒரு சிப் மிஞ்சியிருப்பதைக் கண்டு உட்கார்ந்து ஆடி, கடைசியில் பட்டத்தையே வென்றார். அந்தக் கதையை மற்றவர்களுக்கு எத்தனையோ முறை சொன்னவன் நான். என்னிடம் மூன்று பிக் பிளைண்ட் இருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கடைப் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இதை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இதைப் போட்ட பிறகுதான் எனக்கு ஆட்டம் மாறியது.

மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று வையுங்கள். பரிசு மொத்தம் நூறு: முதலுக்கு 50, இரண்டாவதுக்கு 30, மூன்றாவதுக்கு 20. மூத்தவனிடம் 5,000 சிப், நடுவனிடம் 3,000, இளையவனிடம் 2,000. சிப் பங்குதான் முதலிடம் வரும் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வது வழக்கம். முதலிடக்காரனை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள சிப் பங்கின்படி இரண்டாமிடத்தைக் கணக்கிட வேண்டும். அப்படிப் போட்டால் மூத்தவனின் இன்றைய மதிப்பு ஐம்பது வராது. 38 ரூபாய் 39 காசுதான். நடுவனுக்கு 32.75. இளையவனுக்கு இருபது என்று நினைப்போம், வருவது 28.86. பாதிச் சிப்பைக் கையில் வைத்திருப்பவனுக்குப் பாதிப் பரிசு இல்லை. சிப் பெருகப் பெருக ஒவ்வொரு சிப்பின் விலையும் சரிகிறது, மாலையானதும் மல்லிகை விலை சரிவது போல.

இப்போது மூத்தவனும் நடுவனும் 3,000த்துக்கு மோதுகிறார்கள். மூத்தவன் வென்றால் அவன் மதிப்பு 46 ஆகும், லாபம் 7.61. தோற்றால் 29.50க்கு இறங்கும், நஷ்டம் 8.89. நடுவன் வென்றால் 41, லாபம் 8.25. தோற்றால் வெளியே போய் இருபது ரூபாயோடு நிற்பான், நஷ்டம் 12.75. சுண்டிப் போட்ட காசு போலச் சரிபாதி வாய்ப்புள்ள மோதல் என்றாலும் இருவருக்குமே நஷ்டம்தான். ஆனால் நடுவனின் காயம் பெரிது.

இளையவனைப் பாருங்கள். அவன் ஒன்றும் செய்யவில்லை. மூத்தவன் வென்றால் அவனுக்கு 34, நடுவன் வென்றால் 29.50. இருந்தது 28.86. யார் வென்றாலும் அவனுக்கு லாபம். நானும் தமிழாசிரியரும் ரோஷத்தில் மோதியபோது மேசையில் மற்றவர்கள் ஏன் அத்தனை அமைதியாகத் தேநீர் குடித்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

பெரிய அடுக்கு என்றதும் எங்கள் ஊரில் உடனே சல்லிக்கட்டுக் காளையை இழுப்பார்கள். பாலமேட்டுக்காரர் ஒருவர் எங்களோடு ஆடுவார். அவர் சொல்லித்தான் நான் அந்த உவமையைச் சரியாகப் புரிந்துகொண்டேன். நின்று விளையாடுகிற மாடு எல்லோரையும் குத்துவதில்லை. வாடிவாசலைத் தாண்டி வந்து ஒரு சுற்று திரும்பி நிற்கும். முக்கால்வாசிப் பேர் தாமாகவே தடுப்பில் ஏறிவிடுவார்கள். கண்ட இடமெல்லாம் முட்டிக்கொண்டு ஓடுகிற மாடு சீக்கிரம் களைத்துப் பிடிபடும். நான் அன்று முட்டிக்கொண்டு ஓடினேன்.

யார் தடுப்பில் ஏறுவார்கள் என்பதைப் பூ மண்டித் தம்பி வேறு விதமாகச் சொன்னான். மாட்டுத்தாவணியில் அவர்களுக்குக் கடை. “முகூர்த்த நாளில் பெரிய கை வந்து நின்றால், அண்ணே, முதலில் ஒதுங்குவது நடுத்தர வியாபாரிதான். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அவருக்கு வழி இருக்கிறது. அரைக் கிலோவுக்கு வந்த பூக்கட்டுகிற அக்கா ஒதுங்கமாட்டார். அவருக்கு இன்றைக்கே பூ வேண்டும்.” பபிள் என்கிறார்களே, இன்னும் ஒருவர் வெளியேறினால் மிச்சப் பேருக்குப் பரிசு என்ற அந்த நெருக்கடி, அதை இதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிகச் சின்ன அடுக்குக்காரனை மிரட்ட முடியாது, அவன் எப்படியும் தள்ளத்தான் போகிறான். தமிழாசிரியர் போன்ற இன்னொரு பெரிய கையை மிரட்டுவது ஆபத்து. மிரளக்கூடியவர் நடுவில் இருப்பவர்: இழக்க ஏதோ இருக்கிறது, காத்திருக்கவும் கொஞ்சம் இருக்கிறது.

சில மாதம் கழித்து மறுபடி வாய்த்தது. ஆறு பேர் மிச்சம், ஐந்து பேருக்குப் புள்ளி. நான் 70,000, தமிழாசிரியர் 45,000, வங்கி அண்ணன் 24,000, மருந்துக்கடைக்காரர் 20,000, பூ மண்டித் தம்பி 17,000, கல்லூரி மாணவன் வெறும் 4,000. பிளைண்ட் அதே 500–1,000. இடம் சீட்டெடுத்துப் போட்டதில் எனக்கு நல்ல யோகம்: ஆசிரியர் எனக்கு வலப்பக்கம், நடுத்தரக்காரர்கள் இடப்பக்கம். ஆட்டம் இடமாகச் சுற்றுவதால் ஆசிரியர் பெரும்பாலும் எனக்கு முன்பே பேசிவிடுவார். மற்றவர்கள் நான் பேசிய பிறகுதான் பேச வேண்டும். ஆபத்தான கை முன்னால் பேசுவதும் பயந்த கைகள் பின்னால் பேசுவதும் பெரிய அடுக்குக்கு இன்னொரு அடுக்கு கிடைத்தது போல.

அன்று நான் ரெய்ஸ் செய்த அளவு 2,000, அதற்கு மேல் இல்லை. நடுவில் கிடப்பது 2,500. இரண்டாயிரத்தைப் பணயம் வைத்து இரண்டாயிரத்து ஐந்நூறு. நூற்றுக்கு 45 தடவை எல்லோரும் மடக்கினால் போதும், கையில் என்ன சீட்டு என்பதே முக்கியமில்லை. அவர்கள் அதைவிட அதிகமாகவே மடக்கினார்கள். முன்பெல்லாம் நான் இப்படி மிரட்டுவதற்கு நாலாயிரம், ஐயாயிரம் என்று போடுவேன், கம்பீரமாக இருக்கட்டும் என்று. ஈ அடிக்க உலக்கை எடுத்த கதை.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்குப் பின்னால் பதினைந்து, இருபது பிக் பிளைண்ட் வைத்திருப்பவர் பயப்படாத ஆளாக இருந்தால் இந்த வித்தை திரும்பிக் கடிக்கும். உங்கள் 2,000த்துக்கு மேல் அவர் எல்லாவற்றையும் தள்ளுவார், நீங்கள் மடக்க வேண்டியிருக்கும். பூ மண்டித் தம்பி ஒரு முறை அப்படித் தள்ளினான். என்னிடம் பத்தும் ஆறும். மடக்கினேன். உடனே அடுத்த ஆட்டத்தில் பழி வாங்கத் தோன்றியது. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒரு சுற்று அவன் பிளைண்டை விட்டுவிட்டேன்.

அன்று அதிகம் விமர்சிக்கப்பட்ட முடிவு இது. மாணவன் பட்டனிலிருந்து 4,000த்தையும் தள்ளினான். ஸ்மால் பிளைண்ட் மடக்கியது. நான் பிக் பிளைண்ட், கையில் ஏழும் இரண்டும், போக்கரிலேயே மோசமான கை. நான் சேர்க்க வேண்டியது 3,000, நடுவில் 6,500. முப்பத்திரண்டு விழுக்காடு வாய்ப்பு இருந்தால் கால் சொல்லலாம். அத்தனை குறைந்த சிப்போடு தள்ளுகிறவன் எதையும் வைத்துத் தள்ளுவான் என்பதால், ஏழு-இரண்டுக்குக்கூட கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். வெறும் சிப் கணக்கில் சரிக்குச் சரி. மடக்கினேன்.

மருந்துக்கடைக்காரர் துள்ளிவிட்டார். “மூவாயிரத்துக்கு மடக்குகிறீர்களா? அவன் போனால் எல்லோரும் நிம்மதியாகப் புள்ளி வாங்கலாமே!” அவருடைய அந்த நிம்மதியைத்தான் நான் கொடுக்க விரும்பவில்லை. மாணவன் உயிரோடு இருக்கும் வரை இந்த மூவரும் அவன் போவதற்காகக் காத்திருப்பார்கள். காத்திருக்கும் வரை மடக்குவார்கள். மடக்கும் வரை ஒவ்வொரு முறையும் 2,500 எனக்கு. அவனைத் தூக்கினால் நான் பெறுவது ஒரே ஒரு முறை, அதன் பிறகு எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து சண்டைக்கு வருவார்கள்.

இதில் ஒரு கோட்டைத் தாண்டக்கூடாது. அவனிடம் கண் காட்டுவதோ, ‘உன்னை விடுகிறேன்’ என்று முணுமுணுப்பதோ, நல்ல கை வந்தும் வேண்டுமென்றே மடக்குவதோ கள்ளாட்டம். போட்டிகளில் அதற்குத் தண்டனை உண்டு. என் கையில் நல்ல ஏஸோ ஒரு ஜோடியோ இருந்திருந்தால் அவனை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஏழு-இரண்டை மடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒன்பது ஆட்டம் அந்த நெருக்கடி நீடித்தது. அதில் ஆறு முறை ரெய்ஸ் செய்தேன், ஐந்து பலித்தது. கடைசியில் பொறுமை இழந்தது மருந்துக்கடைக்காரர்தான். ஆசிரியரோடு மோதி ஆறாவதாக எழுந்தார். கீழே போய் ஜிகர்தண்டா வாங்கி வந்து ஒரு வார்த்தை பேசாமல் குடித்தார்.

பெரிய அடுக்கை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டால் பலரும் 2006 உலகத் தொடரின் ஜேமி கோல்டைச் சொல்வார்கள். 8,773 பேர் ஆடிய போட்டியில் பல நாள் முன்னணியிலேயே இருந்து, பேசிப் பேசியே எதிராளிகளைக் குழப்பி, ஒரு கோடியே இருபது லட்சம் டாலர் வென்றார். அவரைப் போல் பேசிப் பார்க்கலாம் என்று நானும் ஒரு நாள் முயன்றேன். ஆசிரியர் என் வாக்கியத்தில் சந்திப் பிழை கண்டுபிடித்தார். அதோடு விட்டேன். என் வரையில், சிப் அதிகமான நாளில் வாயைக் குறைப்பது நல்லது.

அன்று நான் ஜெயித்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. நான் உயிரோடு விட்ட மாணவன் அடுத்தடுத்து இரண்டு முறை இரட்டிப்பாக்கிக்கொண்டு, ஆசிரியரையும் தூக்கிவிட்டு, கடைசியில் என்னோடு தனியாக நின்றான். என் ஏஸ்-ராஜாவுக்கு எதிரே அவன் இரண்டு எட்டோடு தள்ளினான். நடுவில் பொதுவாக விரித்த ஐந்து சீட்டிலும் எனக்கு உதவியாக ஒன்றும் வரவில்லை. மருந்துக்கடைக்காரர் கொட்டகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அந்தப் புள்ளிகளின் பலத்தில் ஆண்டுக் கணக்கிலும் அவனே முந்திவிட்டான். சொம்பை எடுத்துக்கொண்டு நானும் வங்கி அண்ணனும்தான் பெயர் வெட்டப் போனோம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவனுக்கு அப்பா பெயரோடு சேர்த்து நீளமான பெயர். கடைக்காரர் உளியை வைத்து எண்ணிக்கொண்டே வந்து, “முன்னெழுத்து மட்டும் போட்டுவிடவா?” என்றார். வங்கி அண்ணன் என்னைப் பார்த்தார். முழுப் பெயரையும் வெட்டச் சொல்லி நானே கூலியைக் கொடுத்தேன்.